சிறு முதலீட்டில் எடுத்த பெண்கள் சிறைப் படம்: பார்த்தவர் கருத்தைக் கேட்பதும் எழுதுவதும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் கூடி மாதம் ஒரு படம் பார்ப்பது வழக்கம். படம் முடிந்து தேநீர் வருவதற்குள் ஆளுக்கோர் அட்டையில் கருத்தெழுதித் தர வேண்டும் என்பது அங்குள்ள ஒரே விதி. ஜொனதன் டெமி எழுதி இயக்கி 1974இல் வெளிவந்த 'கேஜ்ட் ஹீட்' என்ற அமெரிக்கப் படத்தைப் போட்ட இரவில் பதினான்கு அட்டைகள் சேர்ந்தன. ஐந்து அட்டைகளில் 'ஆபாசம்' என்ற சொல் இருந்தது. மூன்றில் 'பெண்ணியப் படம்' என்றிருந்தது. நான்கில் 'செலவே செய்யாமல் எடுத்திருக்கிறார்கள்' என்ற குறை வெவ்வேறு விதமாக வந்திருந்தது. மற்ற இரண்டிலும் மதிப்பெண் மட்டுமே. ஒரே படத்தைப் பார்த்தவர்கள் இப்படிப் பிரிந்து நிற்பது எனக்கு வியப்பாக இல்லை. அந்த அட்டைகளைப் படம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்தால், அவர் அந்தப் படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு வரியும் உதவாது என்பதுதான் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு இந்த வகைப் படங்களுக்குக் கருத்துக் கேட்கும்போது நான் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். பெண்கள் சிறையைக் களமாகக் கொண்டு சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட படத்தில் நம் கண்ணை உறுத்துவது எதுவாக இருந்தாலும், கையில் பணம் இல்லாததால் வந்ததா, படத்தை விற்பவர் கேட்டதால் வந்ததா, எடுத்தவர் தாமே தேர்ந்து வைத்ததா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்குள் அது அடங்கிவிடும். இவற்றைப் பிரித்துக்கொண்டு எழுதினால் பாராட்டும் கண்டனமும் சரியான இடத்தில் போய் விழும்.

படம் பார்ப்பதற்கு முன்

முதலில் எந்தப் பிரதியைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகைப் படங்கள் ஊருக்கொரு பெயரில் ஓடியவை; 'கேஜ்ட் ஹீட்' கூட 'ரெனிகேட் கேர்ள்ஸ்' என்ற வேறொரு பெயரிலும் வெளியானது. பழைய கருத்துகளைத் தேடுபவர் ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி கண்ணில் படாது. தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதியைப் பார்த்தவருக்குக் கதை தொடர்பற்றுத் தாவுவதாகத் தோன்றும். அந்தக் குறையைப் படத்தொகுப்பாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அகலத்திரையில் எடுத்த படத்தின் இரு ஓரங்களையும் நறுக்கிச் சதுரமாக்கிய பிரதி இன்னும் மோசமானது. ஜப்பானின் டோயி நிறுவனம் 1972இல் வெளியிட்ட 'பெண் கைதி 701: தேள்' படத்தை நான் முதலில் அப்படி நறுக்கிய பிரதியில் பார்த்துவிட்டு, சட்டகத்தில் ஆட்களை நிறுத்தத் தெரியாத இயக்குநர் என்று எழுதி வைத்தேன். முழு அகலத்தில் மறுபடி பார்த்தபோது, இயக்குநர் ஷுன்யா இட்டோ ஒவ்வொரு சட்டகத்தையும் எவ்வளவு கணக்காக அமைத்திருக்கிறார் என்று கண்டு அந்தக் குறிப்பை முழுவதுமாக அடித்துவிட வேண்டியதாயிற்று. எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், மூலமொழியா குரல்மாற்றமா என்பதை அட்டையின் தலைப்பிலேயே எழுதிவிடும் பழக்கம் அதிலிருந்து வந்தது.

அடுத்து, படத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள். 'கேஜ்ட் ஹீட்' படத்தை வெளியிட்டது ரோஜர் கோர்மன் 1970இல் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ். அந்த நிறுவனத்தில் அடிதடி, கொஞ்சம் நிர்வாணம், கொஞ்சம் நகைச்சுவை, இலேசாக ஒரு சமூகக் கருத்து ஆகியவை படத்தில் இருக்க வேண்டும். அவற்றைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தில் இளம் இயக்குநர் தம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளி அரங்குகளுக்கான சரக்கு அது. ஜாக் ஹில் இயக்கிய 'தி பிக் டால் ஹவுஸ்' 1971இல் நன்றாக ஓடிய பிறகு அதே அச்சில் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பலவும் கூலியும் இதர செலவும் குறைவாக இருந்த பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டவை. அடக்குமுறையையும் கிளர்ச்சியையும் கதையாகக் கொண்ட அந்தப் படங்களின் படப்பிடிப்பு நடந்துவந்த நாட்டிலேயே 1972 செப்டம்பரில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதை நினைக்கும்போது மனம் ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறது. 'கேஜ்ட் ஹீட்' அந்த வரிசையின் பிற்பகுதியில், அமெரிக்காவிலேயே எடுக்கப்பட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும். பின்னணியை இதற்கு மேல் படித்துவிட்டு உட்கார்ந்தால், படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, படித்ததைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருப்போம்.

சுவரொட்டியைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகைப் படங்களின் சுவரொட்டி படத்தைவிடக் கூடுதலாகவே எதையோ விற்கும். அதை நம்பி வந்தவர் ஏமாந்து போய்க் குறைத்து எழுதுவார். அதை வெறுத்து வந்தவர் எதிர்பார்த்ததைவிட நல்ல காட்சி ஒன்றைக் கண்டதும் மிகுத்து எழுதுவார். எங்கள் கூடத்தில் படம் முடியும்வரை சுவரொட்டியைக் காட்டுவதில்லை.

பார்க்கும்போது

இருட்டில் பக்கம் பக்கமாக எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். மனத்தை உறுத்திய காட்சியையும் பிடித்த காட்சியையும் பின்னால் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு இரண்டு மூன்று சொற்களில் குறித்துக்கொண்டால் போதும். 'நடிப்பு சுமார்' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு மறுநாள் எதுவும் செய்ய முடியாது. 'மேடை நாடகம், கோட்டு போட்ட இருவர், கண்காணிப்பாளர் முகம்' என்று குறித்திருந்தால் அந்தக் காட்சி முழுவதும் திரும்பி வரும்.

நான் சொல்வது 'கேஜ்ட் ஹீட்' படத்தின் ஒரு காட்சியை. சிறைக்குள் பெண்கள் தமக்குத் தாமே ஒரு கேலி நாடகம் போடுகிறார்கள். ஆண் வேடமிட்ட இருவர் கொச்சையான நகைச்சுவை பேசுகிறார்கள், மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி சிறையை ஆளும் கண்காணிப்பாளருக்கு, பார்பரா ஸ்டீல் ஏற்ற அந்தப் பாத்திரத்துக்கு, அது பொறுக்கவில்லை. பிறகு அவருடைய கனவு ஒன்று வருகிறது. பகலெல்லாம் நாற்காலியோடு கட்டுண்டு கிடப்பவர் கனவில் எழுந்து நிற்கிறார், அதுவும் மேடை ஆட்டக்காரியின் உடையில். கைதிகள் எதற்காகச் சிரித்தார்களோ அதையேதான் அவரும் உள்ளுக்குள் விரும்பியிருக்கிறார். இந்தக் காட்சியைக் குறித்து வைத்தவர்கள் பதினான்கு பேரில் இருவர்தான். அந்த இருவருமே 'கொடுமைக்கார வார்டன் என்ற வழக்கமான பாத்திரம்' என்ற குறையை எழுதவில்லை.

பணம், சந்தை, தேர்வு

படம் முடிந்த பிறகு குறிப்பில் உள்ள ஒவ்வொரு குறையையும் எடுத்துக்கொண்டு மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பணத்தால் வந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. நூற்றுக்கணக்கானோர் இருக்க வேண்டிய சிறையில் இருபது முகங்களே திரும்பத் திரும்ப வரும்; ஒரே நடைவழி வெவ்வேறு விளக்கில் மூன்று கட்டடங்களாக நடிக்கும்; காவலர் பஞ்சம் வெளிப்படையாகத் தெரியும். இவற்றை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பார்க்க வேண்டியது அந்தப் பஞ்சத்தை எடுத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை. டக் ஃபுஜிமோட்டோவின் ஒளிப்பதிவு அந்தக் குறுகிய இடங்களை மறைக்காமல் நெருக்கடியாகவே காட்டி, அதையே சிறையின் இறுக்கமாக மாற்றிவிடுகிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கேலின் இசை, பெரிய வாத்தியக் கூட்டம் இல்லாமலே, சில காட்சிகளில் தோலுக்கடியில் ஊர்கிறது. சிக்கனமாக எடுத்திருக்கிறார்கள் என்று எழுதுபவர் இந்த இரண்டையும் கவனித்தாரா என்று நான் கேட்பதுண்டு.

தேர்வை இல்லாமை என்று எண்ணிவிடும் தவறுதான் அதிகம் நடக்கிறது. 'தேள்' படத்தைப் பார்த்த எங்கள் நண்பர் ஒருவர், கதாநாயகிக்கு வசனமே எழுதவில்லை, நடிக்கத் தெரியாதவர்போலும் என்று எழுதினார். உண்மையில் மூலச் சித்திரக்கதையில் அந்தப் பாத்திரம் வாய் நிறையத் திட்டுபவள். அந்த வசைகளை விட்டுவிட்டுப் பேசாமல் நடிக்கிறேன் என்று கேட்டவரே நடிகை மெய்கோ காஜி. பேசாத அந்த முகத்தில் கண்கள் மட்டும் எதிரியை விடாமல் பின்தொடர்வதுதான் படத்தின் பலம். ஆகவே ஒன்று இல்லை என்று எழுதுவதற்கு முன், அது இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சந்தை கேட்டதைப் பற்றி எழுதுவதுதான் மிகக் கடினம், குறிப்பாக ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த படத்தைப் பற்றி. குளியலறைக் காட்சி இந்த வகையின் கட்டாயச் சடங்கு. 'கேஜ்ட் ஹீட்' படத்திலும் உண்டு. 'ஆபாசம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நல்ல காட்சியும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது. 'அந்தக் காலத்து வழக்கம்' என்று பொறுத்துக்கொண்டால் அந்தச் சட்டகத்துக்குள் நின்ற பெண்களை நாமும் கைவிடுகிறோம். நான் ஒவ்வொரு காட்சியிலும் கவனிப்பவை சில. கேமரா யாருடைய கண்ணாக நிற்கிறது, கைதியின் கண்ணாகவா, காவலரின் கண்ணாகவா, அல்லது கதைக்குள்ளேயே இல்லாத ஒருவரின் கண்ணாகவா என்று பார்க்கிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் பிறகு நடப்பதில் எதுவும் புரியாமல் போகுமா என்று பார்க்கிறேன். உடல் காட்டப்படும் நேரத்தில் அந்தப் பெண் எதையாவது விரும்புகிறாளா, அஞ்சுகிறாளா, முடிவெடுக்கிறாளா, அல்லது வெறுமனே நிற்கிறாளா என்று பார்க்கிறேன்.

இப்படிப் பார்த்தால் 'கேஜ்ட் ஹீட்' பற்றிய என் முடிவு இரண்டாகப் பிளந்துதான் நிற்கிறது, அதை ஒன்றாகத் தைக்க நான் முயல்வதில்லை. குளியல் காட்சி கடைச்சரக்கு. அதற்குச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. சிறை மருத்துவர் 'சிகிச்சை' என்ற பெயரில் பெண்களின் உடலைக் கையாளும் காட்சிகள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே கேமரா அந்த மனிதரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது, நம்மையும் அப்படியே பார்க்க வைக்கிறது. மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் கதைக்காகக் கற்பித்த கொடுமைகள் என்று எண்ணுபவர்கள், சிறைவாசிகளுக்கு மூளை அறுவை செய்வது 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உண்மையாகவே பெரும் சர்ச்சையாக இருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். கோர்மன் கேட்ட 'இலேசான சமூகக் கருத்து' இந்தப் படத்தில் இலேசாக நிற்கவில்லை என்பதே என் எண்ணம்.

உண்மைச் சிறையோடு ஒப்பிடுதல்

'சிறையில் இப்படியெல்லாம் நடக்காது' என்ற கருத்து அட்டைகளில் அடிக்கடி வரும். அதை எழுதுபவர் எந்தச் சிறையைச் சொல்கிறார் என்று கேளுங்கள். எங்கள் திரையிடலில் ஒரு தோழி, சிறையில் குழந்தைகளே இல்லையே என்று கேட்டார்; தாயோடு ஆறு வயதுவரை குழந்தை இருக்கலாம் என்ற நம் நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி அது. நல்ல கேள்விதான், ஆனால் 1974இன் அமெரிக்கப் படத்தை நம் சிறை விதிகளைக் கொண்டு தவறென்று எழுதிவிடக் கூடாது. அந்த ஆண்டிலேயே, ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில், சக கைதி ஒருவர் தாக்கப்பட்டுத் தனிக்கொட்டடியில் அடைக்கப்பட்டதை எதிர்த்துப் பெண்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை அறிந்த பிறகு, தோழிகளை மீட்பதற்காகத் தப்பியவர்கள் மீண்டும் சிறைக்கே திரும்பி வரும் படத்தின் இறுதிப்பகுதியை வெறும் சாகசம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஓர் அளவுகோல் உண்டு. பெண் கைதிகளைப் பெண் ஊழியரே கண்காணிக்க வேண்டும், ஆண் ஊழியர் உள்ளே வந்தால் பெண் ஊழியர் உடன் வர வேண்டும் என்று ஐ.நா. 1955இலேயே விதி வகுத்தது. 2015இல் திருத்தியமைத்த மண்டேலா விதிகளிலும் அது 81ஆம் விதியாகத் தொடர்கிறது. பெண் சிறைவாசிகளுக்கென்றே 2010இல் ஏற்கப்பட்ட பாங்காக் விதிகள் 70. பிரசவத்தின்போது விலங்கிடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. திரையில் ஓர் ஆண் மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கைதியோடு தனித்திருக்கும் காட்சி வரும்போது, இந்த விதிகளை அறிந்தவருக்கு அங்கே எது மீறப்படுகிறது என்று சொல்லத் தெரியும், 'மிகைப்படுத்தல்' என்ற சொல்லோடு நின்றுவிடாது.

மற்றவர் எழுதியதைப் படிக்கும்போது

ஒரு கருத்து எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். டெமி 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்துக்காக 1992இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றார். அதற்கும் ஃபுஜிமோட்டோவே ஒளிப்பதிவாளர். அதன் பிறகு 'கேஜ்ட் ஹீட்' பற்றி எழுதியவர்களில் பலர், பின்னால் பெரியவராகப் போகிறவரின் முதல் படம் என்ற கண்ணோடு பார்த்தவர்கள். ஒரு சாதாரணக் காட்சியிலும் மேதைமையின் முளையைக் காணும் ஆவல் அந்த எழுத்தில் இருக்கும். 'தி பிக் டால் ஹவுஸ்' படத்தில் நடித்த பாம் கிரியர் பின்னால் புகழ்பெற்ற பிறகு அந்தப் படத்துக்கும் இதே கதி. இயக்குநர் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு அந்தக் கருத்தை மறுபடி படித்துப் பாருங்கள். காட்சியைப் பற்றிய வாக்கியங்கள் எத்தனை மிஞ்சுகின்றன என்று தெரிந்துவிடும்.

சராசரி மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். எங்கள் பதினான்கு அட்டைகளின் சராசரி ஐந்துக்கு மூன்று. ஆனால் மூன்று கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. பாதிப் பேர் நான்கும் ஐந்தும், மற்றவர்கள் ஒன்றும் இரண்டும். 'நாடகம்' (டிராமா) என்ற பட வகையில் தேடி வருபவருக்கு வேறோர் இடர் உண்டு. 1950இல் வார்னர் நிறுவனம் எடுத்த 'கேஜ்ட்' படத்தில் அப்பாவியாக உள்ளே வரும் இளம்பெண் மெல்ல மெல்லக் கல்லாகிப்போவதை எலினார் பார்க்கர் நடித்துக் காட்டினார், அதற்காக ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். பெயர் ஒற்றுமையால் அதைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்து வந்தவர் 1974ஆம் ஆண்டுப் படத்துக்குக் கொடுக்கும் ஒரு மதிப்பெண், அவருடைய ஏமாற்றத்தின் அளவே தவிர வேறில்லை.

எழுதும்போது

குறையிலிருந்து தொடங்குபவர் அந்தக் காட்சியைச் சொல்லட்டும், பாராட்டுபவரும் அப்படியே. எது பணத்தால், எது சந்தையால், எது தேர்வால் என்று பெயரிட்டு எழுத வேண்டியதில்லை. மனத்தில் பிரித்துவிட்டால் வாக்கியத்தில் தானாக வந்துவிடும். உடல் காட்டப்படும் காட்சிகளும் வன்முறையும் எவ்வளவு, எப்படிப்பட்டவை என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதுங்கள். அதைப் பார்க்க இயலாதவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது. முடிவைச் சொல்லிவிடாதீர்கள். நடிகைகளின் உடலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அன்றைய அட்டைகளில் ஒன்றை எழுதியவர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 'நடிப்பு சரியில்லை, செட் மோசம், ஆபாசம், 2/5' என்பதுதான் அவர் எழுதியது. மறுவாரம் அவரோடு உட்கார்ந்து, எந்தக் காட்சி இன்னும் நினைவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, தனிக்கொட்டடியில் கிடக்கும் தோழிக்காக ஒருத்தி உணவு திருடிக் கொண்டுபோன காட்சியைச் சொன்னார். பிறகு ஒரு புதிய அட்டையை வாங்கி இப்படி எழுதித் தந்தார்:

'முழுப் பிரதி, ஆங்கிலம், துணைத்தலைப்புடன். குளியல் காட்சியும் நிர்வாணமும் உண்டு. கதைக்கு அவை தேவைப்படவில்லை, எனக்கு எரிச்சலாக இருந்தது. மருத்துவர் வரும் காட்சிகள் கொடுமையானவை, அவற்றைப் பார்க்க முடியாதவர்கள் தவிர்க்கவும். சிறை சிறையாகத் தெரியவில்லை, ஆள் குறைவு. ஆனால் இருட்டறையில் பசியோடு கிடப்பவளுக்காக இன்னொருத்தி மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே சோறு திருடுகிறாள். அந்த இடத்தில் செட்டு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. மதிப்பெண் போடவில்லை.'